ஆனைக்கு ஏது இந்தி?

1972க்குப் பிறகு என் அப்பா பார்க்கக்கூடிய சினிமாக்கள் ரொம்பவே குறைந்துபோயின. அவர் தி.மு.க. அந்த வருஷம் அக்டோபரில் எம்.ஜி.ஆரைக் கட்சியை விட்டு நீக்க, அவர் போய் அ.தி.மு.க.வை ஆரம்பிக்க, அதுவரை முதல் வாரமே பார்த்துவிட்டு வந்த எம்.ஜி.ஆர். படங்களுக்கு எங்கள் வீட்டில் ஒரே ராத்திரியில் தடை விழுந்தது. சிவாஜி காமராஜர் பக்கம் என்பதால் அவர் படங்கள் ஏற்கெனவே தடையில்தான் இருந்தன. ஹிந்திப் படம் என்ற பேச்சையே எடுக்க முடியாது, அதற்கு வேறு காரணம், பிறகு வருகிறேன். ஆக மிச்சம் ஜெய்சங்கரும் முத்துராமனும். நல்ல நடிகர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எப்போதோ ஒரு தடவை பொள்ளாச்சி போய்ப் படம் பார்க்கக் கிடைக்கிற ஒரு பெண், அந்த ஒரு தடவையும் ஜெய்சங்கர் துப்பறிவதையே பார்க்க வேண்டும் என்றால் என்ன நியாயம்? அம்மா இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பார், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஆனைமலைக்குப் பக்கம். அம்மாவின் பிறந்த வீடு, அதாவது அப்புச்சி அம்முச்சி வீடு, அடுத்த ஊரிலேயே, நடந்தே போய்விடலாம். 1975 மே மாதம், பள்ளிக்கூட லீவு, பட்டாளத்து மாமா வருஷ லீவில் வந்திருந்தார். அவர் வந்தால் அப்புச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார இடம் இருக்காது. ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் அப்புச்சிக்கு ரம், அம்முச்சிக்குக் கம்பளி (பொள்ளாச்சி வெயிலில் கம்பளி, ஆனாலும் அதைப் போர்த்திக்கொண்டு இரண்டு வீடு போய்க் காட்டிவிட்டு வருவார்), எங்களுக்கு கேன்டீன் பிஸ்கட், அப்புறம் மாமாவின் ஹிந்தி. ஜபல்பூர், பதான்கோட் என்று சுற்றியவருக்கு ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு என்பது குடும்பத்தின் நம்பிக்கை. சோதித்துப் பார்க்க ஊரில் வேறு ஆள் இல்லை என்பதால் அந்த நம்பிக்கைக்கு எந்த ஆபத்தும் வரவில்லை.

மாமாதான் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பொள்ளாச்சியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ ஓடுகிறது, ராஜேஷ் கன்னா, யானைகள், குடும்பத்தோடு பார்க்கலாம், எல்லோரும் போகலாம் என்று. படம் அப்போதே நாலு வருஷப் பழசு. எங்கள் பக்கத்துக்கு ஹிந்திப் படங்கள் அப்படித்தான் வரும், பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து, பிரிண்ட்டில் மழை கொட்டும் நிலையில்.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எடுத்தவர் சாண்டோ சின்னப்பா தேவர். கோயமுத்தூர் ராமநாதபுரத்துக்காரர், மில் வேலை பார்த்தவர், உடம்பை முறுக்கேற்றி சாண்டோ பட்டம் வாங்கியவர், முருகன் என்றால் உருகிப்போகிறவர். மருதமலைக் கோயிலுக்கு அவர் செய்த திருப்பணிகளைக் கோவைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்த கம்பெனி அவருடையது. அவர் படங்களில் காளையோ சிறுத்தையோ யானையோ, மனுஷர்களுக்குச் சமமாக மிருகத்துக்கும் ஒரு வேஷம் வைத்திருப்பார். 1967இல் ‘தெய்வச்செயல்’ என்று தமிழில் எடுத்த யானைக் கதையைத்தான் பம்பாய்க்குக் கொண்டுபோனார். ராஜேஷ் கன்னா தொட்டதெல்லாம் ஓடிக்கொண்டிருந்த நேரம். சலீம்-ஜாவேத் எழுத்து, லட்சுமிகாந்த்-பியாரேலால் இசை, இயக்கம் மட்டும் வீட்டு ஆள், தேவரின் தம்பி எம்.ஏ. திருமுகம். 1971இல் வந்து வடக்கே சக்கைப்போடு போட்டது. தேவர் சும்மா இருப்பாரா, அதே கதையைத் திருப்பிக் கொண்டுவந்து 1972 மார்ச்சில் எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ என்று விட்டார். இப்படி அந்த யானைக் கதை கோடம்பாக்கத்தில் கிளம்பி பம்பாய் போய்ப் பெயர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது.

‘நல்ல நேரம்’ வந்தபோது எம்.ஜி.ஆர். இன்னும் கட்சியில் இருந்தார். அப்பா முதல் வாரமே பார்த்துவிட்டார். அம்மா பார்க்கவில்லை. தம்பி அப்போதுதான் பிறந்திருந்தான், அம்மா அப்புச்சி வீட்டில் பச்சை உடம்போடு படுத்திருந்தார், அப்பா வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதையை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். சொன்னது போதாதென்று ‘ஓடி ஓடி உழைக்கணும்’ வேறு பாடிக் காட்டியிருக்கிறார். அம்மா தேறி, தம்பி நிற்கப் பழகி, படம் இரண்டாம் தடவை பொள்ளாச்சிக்கு வந்தபோது அக்டோபர் தாண்டிவிட்டது. தடை. ஊரே பார்த்த யானைப் படத்தை ஆனைமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு தான் மட்டும் பார்க்கவில்லை என்பது அம்மாவுக்குள் மூன்று வருஷமாகக் கிடந்தது. மாமா போஸ்டரைப் பற்றிச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “ஏனுங்க, அது நீங்க சொன்ன அதே கதைதானுங்களே?”

அப்பா பதில் சொல்லவில்லை. இப்போது அந்தக் காரணம்.

1965. ஜனவரி 26இலிருந்து ஹிந்தி ஆட்சிமொழியாகிறது என்றதும் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 12 அன்று பொள்ளாச்சியில் ராணுவம் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, அன்றைக்கு அவர் பொள்ளாச்சியில் இருந்தார். என்ன பார்த்தார் என்பதை எங்களிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. செருப்பை விட்டுவிட்டு ஓடியதையும், வெறுங்காலோடு வாய்க்கால் கரை வழியாகவே வீடு வந்து சேர்ந்ததையும் மட்டும் சொல்வார், அதைக்கூட ஒரு வேடிக்கை மாதிரி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து மாமா பட்டாளத்துக்குப் போனபோது வீட்டில் எல்லோரும் ரயிலடி வரை போனார்கள், அப்பா போகவில்லை. பிறகு சமாதானம் ஆனார்கள் என்று வையுங்கள். ஆனாலும் மாமா லீவில் வரும்போதெல்லாம் அப்பா அவரிடம் வடக்கத்தி மழை, வடக்கத்தி கோதுமை, வடக்கத்தி ரயில் என்று எல்லாம் விசாரிப்பார், வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

இந்தப் பின்னணியில்தான் மாமா வந்து, மச்சான், ஹிந்திப் படம் போகலாம் என்கிறார். திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க போயிட்டு வாங்க மாப்பிள்ளை, எங்க வீட்டுல இருந்து வேண்டாம்” என்றார். அப்போதுதான் மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்புச்சி வாயைத் திறந்தார்.

“ஆனைக்கு ஏதுங் மாப்பிள்ளை இந்தி?”

அப்புச்சி சேத்துமடையில் ஒரு மரக் காண்ட்ராக்டரிடம் ரொம்ப காலம் கணக்கு எழுதியவர். டாப்ஸ்லிப் மலையில் வெட்டுகிற தேக்கு கீழே வரும், அதைத் தள்ளவும் இழுக்கவும் அடுக்கவும் யானைகள். யானைகளின் பெயர், வயசு, எந்தப் பாகனுக்கு எது அடங்கும், எது மழைக்காலத்தில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அப்புச்சிக்குப் பேரன் பேத்திகளின் பிறந்த தேதியைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். மாமனார் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகளுக்கு அப்போது கிடையாது. அதோடு மாமா, “எடுத்தது நம்ம கோயமுத்தூர்க்காரருதானுங்க மச்சான்” என்று ஒரு முட்டுக் கொடுத்தார். கடைசியில் ஏற்பாடு இப்படி ஆனது. பெண்டு பிள்ளைகளைக் கடைசி பஸ்ஸில் பத்திரமாகக் கூட்டிவர ஒரு ஆள் வேண்டுமென்பதால் அப்பா பொள்ளாச்சி வரை வருவார். படம் பார்க்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. அம்முச்சி முதல் நாளே கச்சாயம் சுட்டு வைத்துவிட்டார். தூக்குப்போசியில் புளிசாதம், இன்னொன்றில் தயிர்சாதம், மாமா தோளில் தம்பி, அம்மா தலையில் கல்யாணத்துக்குப் போவதுபோல் பூ. அப்பாவின் தோளில் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு, கையில் முரசொலி. சாதாரண நாளில் அவர் அந்தத் துண்டைப் போடுவது குறைவு. எதற்கும் யாராவது கட்சிக்காரர் பார்த்துவிட்டால் தன் நிலை தெளிவாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

தியேட்டர் பெயர் வேண்டாம். தகரக் கூரை, மேலே சிறகு உடைந்த மின்விசிறிகள், டிக்கெட் கொடுக்கும் இடத்துக்குப் போக ஒரு ஆள் மட்டும் நுழைகிற சந்து, அதன் முடிவில் கைநுழையும் ஓட்டை. சந்துக்குள் போனவர் டிக்கெட்டோடுதான் வெளியே வர முடியும், பயந்து திரும்ப வழி கிடையாது. பெண்களுக்குத் தனிக் கவுண்டர், அங்கே கூட்டம் கம்மி, அதனால் எல்லாக் குடும்பத்திலும் டிக்கெட் எடுக்கிற வேலை பெண்கள் தலையில். உள்ளேயும் பெஞ்சு வகுப்பில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு சுவர். சேர் டிக்கெட் எடுத்தால் குடும்பத்தோடு சேர்ந்து உட்காரலாம்தான். ஆனால் அத்தனை பேருக்கும் சேர் எடுத்தால் பஸ்ஸுக்குக் காசு இருக்காது.

இதில்தான் ஒரு சிக்கல் வந்தது. ஹிந்தி தெரிந்த மாமா சுவருக்கு அந்தப் பக்கம், கதை தெரிய வேண்டிய அம்மாவும் அம்முச்சியும் இந்தப் பக்கம். சுவரின் இரண்டு பக்கமும் போகக்கூடிய வயதில் நான் இருந்தேன். அதனால் மாமா சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் சொல்வது என் வேலை என்று முடிவாயிற்று. விளக்கு அணைவதற்கு முன்னால் சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ பாட்டு ஓடியது, ஹிந்திப் படத்துக்கும் அதேதான், பிள்ளையாருக்கு மொழி பேதம் இல்லை. அப்புறம் ஸ்லைடுகள், நியூஸ் ரீல், சென்சார் சர்டிபிகேட். சர்டிபிகேட் வந்ததும் பெஞ்சுக்காரர்கள் ஒரே குரலில் ரீல் எண்ணிக்கையைப் படித்துக் கூவுவார்கள், நீளம் அதிகம் என்றால் காசுக்குப் பழுதில்லை என்று ஒரு விசில்.

படம் ஆரம்பித்தது. அனாதைப் பையனைச் சிறுத்தையிடமிருந்து யானைகள் காப்பாற்றுகின்றன. மாமா காதில் சொன்னார், நான் ஓடினேன், “அந்தப் பையனுக்கு யாருமே இல்லையாம்” என்றேன். “அதுதான் தெரியுதே” என்றார் அம்முச்சி. பையன் பெரியவனாகி ராஜேஷ் கன்னாவாகிறார், யானைகளை வைத்துத் தெருவில் வித்தை காட்டிப் பிழைக்கிறார். நான் மறுபடி ஓடினேன். “வவுத்துப் பொழப்புக்குப் பண்றான், இதைச் சொல்ல உங்க மாமன் எதுக்கு?” ராஜேஷ் கன்னாவும் தனுஜாவும் வருகிற காரை யானைகள் இழுத்துக்கொண்டு போகிற பாட்டு வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, வாய்க்குள்ளேயே கூடப் பாட ஆரம்பித்தார். எனக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டு ரேடியோவில், அப்பா இல்லாத சமயங்களில், இலங்கை வானொலியின் ஹிந்திப் பாட்டுகள் ரொம்பச் சின்னச் சத்தத்தில் கேட்டிருக்கின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வார்த்தைகள் அம்மாவின் சொந்தச் சரக்கு. மெட்டு பிசகவில்லை.

ஆண்கள் பக்கம் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு போக, அப்புச்சி அதைக் காதில் வாங்கவே இல்லை. அவர் யானையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமாக, சுற்றி நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி ஒரு தனி வர்ணனை. அது பொட்டை ஆனை, ஆம்பளைப் பேரு வெச்சிருக்கானுங்க. அந்தப் பக்கம் நிக்கிறதுக்கு வயசு நெம்ப ஆச்சு, காது மடலைப் பாரு. இது நல்லாத் தின்ன உடம்பு, கொள்ளும் ராகியும் ஒழுங்கா உருட்டிக் குடுத்திருக்கான். முன் பெஞ்சுக்காரர் ஒருவர் திரும்பி ஏதோ சொல்ல வந்தவர், அப்புச்சி முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்படிங்களா?” என்று கேட்டு அப்புறம் பாதிப் படத்தைத் திரும்பியே உட்கார்ந்து பார்த்தார்.

அப்புச்சி என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஒன்று காட்டினார். “ஆனை யாரைப் பாக்குது பாரு.” ராஜேஷ் கன்னா யானையிடம் உருகி உருகிப் பேசிக்கொண்டிருந்தார். யானையின் கண் அவர் மேல் இல்லை. திரைக்கு இடது ஓரத்தில், படத்தில் இல்லாத எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. “அங்க பாகன் நிக்கிறான். கேமராவுக்கு அக்கட்டால. அவன் சொன்னாத் தும்பிக்கையத் தூக்கும், அவன் சொன்னா மண்டி போடும். இந்தப் பையனை அதுக்கு யாருன்னே தெரியாது.” அதற்குப் பிறகு எனக்குப் படமே வேறாகிவிட்டது. ஒவ்வொரு காட்சியிலும் யானையின் கண் போகிற பக்கத்தைப் பார்த்து, பாகன் இப்போது எங்கே நிற்கிறான் என்று கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். இன்றும் எந்தப் படத்தில் யானை வந்தாலும் நாயகனைப் பார்க்க மாட்டேன். சும்மா சொல்லக் கூடாது, எங்கள் மலையில் இருக்கிற மலசர் பழங்குடிப் பாகன்களில் யாராவது ஒருவர் பெயரையாவது டைட்டிலில் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தால் எவ்வளவோ நியாயமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, இந்தப் படத்துக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லா யானைப் படத்துக்கும்தான்.

இடைவேளை விட்டு ரொம்ப நேரமாகியும் படம் தொடங்கவில்லை. மிச்சப் பெட்டி இன்னும் வரவில்லை என்றார்கள். ஒரே பிரிண்ட்டை இரண்டு ஊர்த் தியேட்டர்கள் நேரம் மாற்றி ஓட்டுவது அப்போது வழக்கம்தான், அங்கே ஓடி முடிந்த ரீல்களை ஒரு ஆள் வண்டியில் கட்டிக்கொண்டு இங்கே பறந்து வருவான், வழியில் டயர் பஞ்சரானால் இங்கே நாங்கள் முறுக்குத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்போம். விசில், கூச்சல், பெஞ்சைத் தட்டுகிற சத்தம். எதிர் டீக்கடையில் முரசொலியைக் கடைசிப் பக்கத்துப் பிரசுர விவரம் வரை படித்து முடித்திருந்த அப்பா, என்னமோ ஏதோ என்று பதறி, கையில் தேங்காய் பன்களோடு உள்ளே வந்தார். கேட்டில் நின்ற ஆள் தெரிந்தவர், டிக்கெட் கேட்கவில்லை.

பன்னைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்குள் பெட்டி வந்து விளக்கும் அணைந்துவிட்டது. அப்பா உட்காரவில்லை, கதவோரமாகத் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். உட்கார்ந்தால்தான் பார்த்ததாகக் கணக்கு என்று வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கதை இப்போது சிக்கலான இடத்துக்கு வந்திருந்தது. தனுஜாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, யானையால் குழந்தைக்கு ஆபத்து என்று பயம், புருஷன் யானைகளை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறார். மாமா இங்கே ஒரு விளக்கம் சொன்னார், அதன்படி தனுஜா தன் அப்பாவின் சொத்தைக் கேட்கிறார். தூணோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “இல்லீங்க மாப்பிள்ளை. சொத்தெல்லாம் இல்லை. நானா ஆனையான்னு கேக்குறா.”

மாமா திரும்பிப் பார்த்தார். அப்பாவுக்கு ஒரு எழுத்து ஹிந்தி தெரியாது. ஆனால் இதே கதையை எம்.ஜி.ஆரும் கே.ஆர். விஜயாவும் நடித்துப் பார்த்து, அதை அம்மாவுக்குக் கட்டிலோரத்தில் காட்சி காட்சியாகச் சொல்லியும் முடித்தவர். அடுத்தது என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மாமா இரண்டு இடத்தில் முறைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவது இடத்தில் விட்டுக்கொடுத்து, தானே, “இப்ப என்னங்க மச்சான் சொல்றா?” என்று கேட்டார். அன்று மீதிப் படத்துக்கு எங்கள் குடும்பத்தின் ஹிந்தி மொழிபெயர்ப்பாளர் அப்பாதான். பத்து வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் செருப்பை விட்டுவிட்டு ஓடியவர். கறுப்பு சிவப்புத் துண்டோடு.

பாம்பிடமிருந்து குழந்தையை யானை காப்பாற்றுகிறது, ஆனால் தாய்க்கு அது தப்பாகப் படுகிறது. கடைசியில் குடும்பம் சேர வேண்டுமென்று யானை உயிரைக் கொடுக்கிறது. முகமது ரஃபியின் குரலில் அந்தச் சாவுப் பாட்டு வந்தபோது தியேட்டரில் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்ற வித்தியாசம் போய்விட்டது, மூக்கு உறிஞ்சுகிற சத்தம் சுவரின் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வை என்று பிற்பாடு சொன்னார். மே மாதம், தகரக் கூரை, வேர்வையும்தான் இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் யாராவது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஹிந்தி என்றாலே வெறுப்பு என்று எழுதினால், உடனே இன்னொருவர் வந்து, அப்படியானால் 1969இல் ‘ஆராதனா’ சென்னையில் எப்படி மாதக்கணக்கில் ஓடியது என்று மடக்குகிறார். இரண்டு பேரும் ஏதோ பெரிய முரண்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது முரண்பாடாக யாருக்கும் தோன்றியதில்லை. 1965இல் தார்ச்சட்டி தூக்கியது ஸ்டேஷன் பெயர்ப் பலகைக்காக, பரீட்சைக்காக, உத்தியோகத்துக்காக. ராஜேஷ் கன்னாவோடு யாருக்கும் சண்டை இல்லை. திணிப்பது ஒன்று, காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போய் உட்காருவது வேறொன்று. அப்பாவுக்கு மட்டும் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டியிருந்தது, அதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. அந்தப் படத்துக்குப் பிறகும் அவர் கட்சி மாறவில்லை, கருத்து மாறவில்லை, நாங்கள் ஹிந்தி படிக்க வேண்டும் என்று மாமா சொன்னபோது தெளிவாக வேண்டாம் என்றுதான் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் உண்மையான சண்டை. தம்பி யானை செத்துப்போச்சு என்று விடாமல் அழுதான். அப்புச்சி அவனைத் தேற்றினார், “எங்கடா செத்துச்சு? பாகன் படுக்கச் சொன்னான், படுத்துச்சு. காதைப் பாக்கலியா, ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. செத்த ஆனைக்கு எதுக்குடா புழுங்குது?” அழுகை நின்றது. ஆனால் அதற்குள் பின் சீட்டில் அம்முச்சி, “அந்தச் சீவனை நம்பாம அந்தப் பொண்ணு இப்படிப் பண்ணிப்போட்டாளே” என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா விடவில்லை. “பச்சைப் புள்ளைய வெச்சிருக்கிறவளுக்குப் பயம் இருக்காதா? கட்டுன பொண்டாட்டியும் பெத்த புள்ளையும் வீட்டை விட்டுப் போறாங்க, அவன் ஆனைதான் பெருசுன்னு நிக்கிறான். அதை எல்லாரும் அழுதுக்கிட்டுப் பாக்கறீங்க.” “ஆபத்துக்கு வந்தது அந்த ஆனைதான?” என்று அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“ஆமாங்க,” என்றார் அம்மா. “ஆனையோ கட்சியோ. எல்லாம் ஒண்ணுதான்.”

கண்டக்டர் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்ததாகத்தான் ஞாபகம், பின்மண்டையை வைத்துக்கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது.

மறு வருஷம் மாமா லீவில் வந்தபோது யாரும் சினிமா பற்றிப் பேசவில்லை. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்திருந்தார்கள், எமர்ஜென்சி, அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்தார்கள், வீட்டில் ரேடியோவையே சத்தமாக வைக்க மாட்டோம். 1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சராகவே ஆகிவிட்டார், தடை இன்னும் இறுகியது. அப்புச்சி அதற்கு அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சேத்துமடையிலிருந்து இரண்டு பாகன்கள் வந்து கடைசி வரை இருந்து எல்லாக் காரியமும் செய்தார்கள்.

அம்மா ‘நல்ல நேரம்’ பார்த்தது ரொம்பக் காலம் கழித்து, டிவியில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கீரை ஆய்ந்துகொண்டே. அப்பா அதே அறையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. விளம்பரத்துக்கு ஒரு தடவை அடுத்து என்ன வரும் என்று அவராகவே சொல்லிவிட்டு, மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். கே.ஆர். விஜயா குழந்தையை அணைத்துக்கொண்டு அழுகிற இடம் வந்தது. அம்மா கீரையைத் தட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இதுலயும் அவ சொல்றதை எவனும் கேக்கல பாரு.”